ஐந்து பக்கம் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா?

கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிரிட்டனிலிருந்து வரும் ‘2000 ஏ.டி.’ என்னும் அறிவியல் புனைகதை காமிக்ஸ் வார இதழின் அண்மைய நான்கு இதழ்களை மின்பதிப்பாக வாங்கிப் படித்திருக்கிறார்; தம் வாசகர் வட்டத்துக்காக அவற்றுக்கு விமர்சனம் எழுத வேண்டும். ஓர் இதழில் ஐந்து கதைகள். சில ஏற்கெனவே பாதி ஓடியவை, சில இப்போதுதான் தொடங்கியவை, ஒன்று அந்த இதழிலேயே முடிந்துவிடுவது. பாதிக் கதையைப் படித்துவிட்டு விமர்சனம் எழுதுவது முறையல்ல என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். கதைக்குள் அறிவியல் பிழை இருந்தால் அதைக் குறையாகச் சொல்ல வேண்டுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. தம் முதல் வரைவிலிருந்து ஒரு வரியையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்: “ஓவியங்கள் அருமை, ஆனால் கதை கொஞ்சம் இழுவை.”

இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும், அடியில் இருப்பது ஒரே தயக்கம்தான் என்று எனக்குப் படுகிறது. முழுவதும் தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம் என்பதே அந்தத் தயக்கம். விமர்சனம் எழுத வருகிறவருக்கு இது இருந்தே ஆக வேண்டிய தயக்கம் என்பதால்தான் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன். நான் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்கும் மேலாக வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். படக்கதை வாசிப்பு அதைவிடப் பழைய பழக்கம். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் மாதம் ஒருமுறை படக்கதைகளைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறேன். ஓவியம் முறையாகப் பயின்றவனல்லன். ஆகவே கதையின் அமைப்பையும் அறிவியலையும் பற்றி நான் சொல்பவற்றை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கோட்டின் தரத்தையும் வண்ணத்தையும் பற்றிச் சொல்பவற்றை ஒரு பழகிய வாசகனின் கருத்து என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், எழுதலாம் என்பதுதான். ஆனால் எதைப் பற்றி எழுதுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 2000 ஏ.டி. 1977 பிப்ரவரி 26 அன்று தொடங்கிய இதழ். அன்றிலிருந்து வாரந்தோறும் வருகிறது. ஒரு கதைக்கு வாரத்துக்கு ஐந்தாறு பக்கங்களே கிடைக்கும். அந்த ஐந்தாறு பக்கங்களுக்குள், சென்ற வாரம் விட்ட இடத்தை நினைவூட்டவும் வேண்டும், இந்த வாரத்துக்கென்று ஏதாவது ஒன்று நடக்கவும் வேண்டும், அடுத்த வாரம் வரை வாசகனைப் பிடித்து வைக்கவும் வேண்டும். ஒரு பகுதி இந்த மூன்று வேலைகளையும் எப்படிச் செய்கிறது என்பதை அந்தப் பகுதியை மட்டும் படித்தவரே சொல்லிவிட முடியும். சொல்லப்போனால் அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான், ஏனென்றால் முன்கதை தெரிந்தவருக்கு நினைவூட்டல் போதுமா போதாதா என்பதே தெரியாது. அவர் மனம் விடுபட்டதைத் தானாக நிரப்பிக்கொள்ளும். அந்தப் பகுதியை வைத்துச் சொல்ல முடியாதது கதை மொத்தமாக நன்றாக இருக்கிறதா என்பது. உங்கள் நண்பர்களின் கண்டிப்பு அந்த இடத்தில் சரி.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய அனுபவமே அல்ல. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது, அதைப் படித்தவர்கள் ஒவ்வொரு வாரமும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருந்தன. அந்த பைண்டு பிரதியைப் பின்னால் ஒரே மூச்சில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு, அத்தியாயந்தோறும் வரும் திடீர்த் திருப்பம் சில இடங்களில் அலுப்பாக இருந்ததும் உண்டு. எழுதியவர் மீது அதில் குறையில்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படிப்பதற்கென்று எழுதியதை நான் இடைவெளி இல்லாமல் படித்தேன். இரும்புக்கை மாயாவிக்கும் இதுவே நடந்தது. அந்தக் கதை 1962 அக்டோபரில் ‘வேலியன்ட்’ என்னும் பிரிட்டிஷ் வார இதழில், வாரத்துக்குச் சில பக்கங்கள் என்ற கணக்கில் தொடங்கியது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக 1970களின் தொடக்கத்தில் அது நம் கைக்கு வந்தபோது முழுப் புத்தகமாக வந்தது. சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி ஏன் மரணத்தின் விளிம்பில் போய் நிற்கிறார் என்று சிறுவயதில் எனக்குப் புரியவில்லை. அந்த விளிம்புகளில்தான் லண்டன் சிறுவர்கள் ஒரு வாரம் காத்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தபோது, அவசரம் என்று நான் எண்ணியிருந்ததெல்லாம் அளவெடுத்துத் தைத்த வேலையாகத் தெரிந்தது. எனவே நீங்கள் நான்கு இதழ்களையும் ஒரே இரவில் படித்திருந்தால் அதை விமர்சனத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். “இழுவை” என்ற உங்கள் தீர்ப்பு, படித்த வேகத்தால் வந்ததா கதையால் வந்ததா என்று வாசகர் எடைபோட அது உதவும்.

படிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கதையையும் இரண்டு முறை படியுங்கள்; முதல் முறை பலூன்களில் உள்ள வசனத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். யார், எங்கே, என்ன நடக்கிறது, யாருக்கு யார்மேல் கோபம் என்பது படத்தை வைத்தே எவ்வளவு தூரம் விளங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வசனத்தோடு படியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வசனம் செய்த வேலை. படம் ஏற்கெனவே சொன்னதையே வசனமும் சொன்னால் அது கதாசிரியரின் குறை. வசனம் இல்லாவிட்டால் யார் சுட்டார் என்றே தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் ஓவியரின் குறை. இந்தப் பயிற்சியை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகமன்று, நம் ஊர் நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் உங்கள் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது மூன்று அடுக்காகச் செதுக்கிய கல் ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். இவ்வகைக் கற்களில் கீழ் அடுக்கில் வீரன் போரிடுவான். நடு அடுக்கில் தேவமகளிர் அவனை இருபுறமும் பற்றி மேலே கொண்டுபோவார்கள். மேல் அடுக்கில் சிவலிங்கத்தின் அருகே அவன் அமர்ந்திருப்பான். மூன்றே கட்டங்கள், கீழிருந்து மேலே படிக்க வேண்டியவை. வீரன் விழுந்து உயிர் விட்ட கணம் மூன்று அடுக்கிலும் இல்லை. கீழ் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கல் விளிம்பு இருக்கிறதே, அங்கேதான் அவன் இறக்கிறான். பார்ப்பவர் அதைத் தாமே நிறைவு செய்துகொள்கிறார். காமிக்ஸில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே விடும் வெள்ளை இடைவெளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஓவியர் எதை அந்த இடைவெளிக்குள் தள்ளிவிட்டார், எதைக் கட்டத்துக்குள் வைத்தார் என்று கவனித்து எழுதினாலே உங்கள் விமர்சனத்தில் பாதி ஆகிவிடும்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். “ஓவியங்கள் அருமை” என்பதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அதைக் கேட்டவர் எதையும் பார்க்க முடியாது. அண்மைய இதழ்களிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்தால், இன்னும் படிக்காதவர்களுக்குக் கதையின் சுவை கெட்டுப்போகும்; அதனால் எழுபது ஆண்டுக்கு முந்தைய, முடிவு ஊரறிந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஈ.சி. நிறுவனம் ‘வியர்ட் ஃபேன்டசி’ என்ற தொகுப்பிதழின் 18ஆம் எண்ணில், 1953இல், ‘தீர்ப்பு நாள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கதை வெளியிட்டது. அல் ஃபெல்ட்ஸ்டைன் எழுதி ஜோ ஒர்லாண்டோ வரைந்தது. எந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஒரு கோளுக்குப் பூமியிலிருந்து தார்ல்டன் என்னும் விண்வெளி வீரர் ஆய்வாளராக வருகிறார். அண்டக் குடியரசில் சேரும் தகுதி அந்தக் கோளுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது அவர் பணி. ஆரஞ்சு நிற எந்திரங்கள் பெருமையோடு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகின்றன. நீல நிற எந்திரங்கள் எங்கே என்று அவர் கேட்கிறார். அவை ஒதுக்குப்புறத்தில் தனியே வாழ்கின்றன. பேருந்தில் பின்னால்தான் ஏற வேண்டும். தாழ்ந்த வேலைகளே அவற்றுக்கு. தொழிற்சாலையில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றே, மேலே போர்த்தும் உறையின் நிறம்தான் வேறு. கோள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுத் தார்ல்டன் கலத்தில் ஏறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், அவர் கறுப்பினத்தவர், கருவி விளக்குகளின் ஒளியில் அவர் நெற்றி வியர்வைத் துளிகள் தொலைதூர விண்மீன்களைப் போல மின்னுகின்றன.

இதைப் பற்றி “ஓவியம் அருமை, முடிவு எதிர்பாராதது” என்று எழுதலாம். அல்லது இப்படி எழுதலாம்: “கதை முழுவதும் ஒர்லாண்டோ தார்ல்டனைக் கவசத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார், விண்வெளி வீரர் என்றால் கவசம் இருக்கத்தானே செய்யும் என்று நாமும் ஐயப்படுவதில்லை. அதனால் கடைசிக் கட்டத்தில் முகம் வெளிப்படும்போது, அந்த முகத்துக்கு இதுவரை நாம் எந்த நிறத்தைப் போட்டு வைத்திருந்தோம் என்ற கேள்வி நம் பக்கம் திரும்புகிறது.” இரண்டாவதைப் படித்தவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே அதில் ஒரு பங்கைப் பார்த்துவிடுகிறார். அதோடு, அந்தத் திருப்பம் நேர்மையாகச் சம்பாதித்ததா, வாசகனை ஏமாற்றிப் பெற்றதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. கவசம் முதல் பக்கத்திலிருந்தே கண்முன் இருந்தது, எதுவும் மறைக்கப்படவில்லை. ஒரே இதழில் முடியும் கதைகளுக்கு நான் கையாளும் உரைகல் இதுதான். 2000 ஏ.டி. தன் முதல் ஆண்டிலேயே இத்தகைய சிறு திருப்பக் கதைகளுக்கென்று ‘ஃபியூச்சர் ஷாக்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கிவிட்டது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற காமிக்ஸ் கதாசிரியர் அலன் மூர் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்தில் கைபழகியது அங்கேதான். நான்கைந்து பக்கத்தில் ஓர் உலகத்தைக் கட்டி அதைக் கவிழ்க்கவும் வேண்டும் என்பதால் பல கதைகள் முடிவை மட்டும் நம்பிக் கிடக்கும். முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை படியுங்கள். முதல் பக்கத்தில் புதிதாக ஏதாவது தென்பட்டால் கதை தேறிவிட்டது என்று எழுதலாம்.

இந்தக் கதைக்குப் பின்னால் நடந்தது ஒன்றையும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1956இல் ஈ.சி. இதை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது, அப்போது அமலில் இருந்த காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் தலைவர், வீரர் கறுப்பினத்தவராக இருக்கக் கூடாது என்று தடை சொன்னார். அதை மாற்றினால் கதையே இல்லை என்று பதிப்பாளர் பில் கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் மறுத்து, ஒரு கோடும் மாற்றாமல் வெளியிட்டார்கள். ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழாக அது அமைந்தது. ஒரே ஒரு கட்டத்துக்குள், ஒரு முகத்தின் நிறத்துக்குள் கதை முழுவதும் அடங்கியிருக்க முடியும் என்பதைத் தணிக்கை செய்தவரும் புரிந்துகொண்டிருந்தார்.

அறிவியல் பிழை பற்றிய கேள்விக்கு வருவோம். இது என் தொழிலை ஒட்டியது என்பதால் சற்று நின்று பேசுகிறேன். இரும்புக்கை மாயாவியின் அறிவியல் என்ன? உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். வேதியியல் ஆசிரியனாக நான் இதற்கு ஒரு மதிப்பெண்ணும் போட முடியாது. ஆனால் கதையாக இதற்கு நிறைய மதிப்பெண் போடுவேன், ஏனென்றால் விதி தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது: மின்சாரம் வேண்டும், சிறிது நேரத்தில் அதன் பலன் தீர்ந்துவிடும், கையை மறைக்க முடியாது. பல சிக்கல்கள் இந்த மூன்று விதிகளுக்குள்ளிருந்தே பிறக்கின்றன. பூட்டிய அறையில் மின்சார இணைப்பு எங்கே இருக்கிறது என்று மாயாவியோடு சேர்ந்து நானும் தேடியிருக்கிறேன். இயற்கையின் விதியைக் கதை மீறலாம். தான் வகுத்த விதியை வசதிக்காக மீறினால் அங்கேதான் குறை சொல்ல வேண்டும். ஒரு பகுதி மட்டும் படித்தவர் இதைச் சொல்வதில் கவனம் தேவை, விதி முந்தைய பகுதியில் மாற்றப்பட்டிருக்கக்கூடும்.

வேறொரு வகைப் பிழையும் உண்டு. எடுத்துக்காட்டுக்காக ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். வறண்ட கோள் ஒன்றில் குடியேறியவர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கிறது. பிள்ளைகளின் எலும்பு வளைகிறது. கதாநாயகி தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று கண்டுபிடித்து எல்லோரையும் காப்பாற்றுகிறாள். வேறு ஊர் வாசகர் இதை எளிதாகக் கடந்துவிடுவார். நம் மாவட்டத்து வாசகர் கடக்க மாட்டார். ஃபுளோரைடால் பழுப்புக் கோடு விழுந்த பற்களை வாய் திறவாமல் மறைத்துக்கொண்டு சிரித்த பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் எடுத்தேன். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைக்க வேண்டும், அல்லது கிளர்வூட்டிய அலுமினா வழியே வடிக்க வேண்டும், அல்லது நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் செய்ததைப் போல நல்ல நீரை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். இங்கே பிழை கதையின் முதுகெலும்பிலேயே இருக்கிறது. கதையின் வெற்றி முழுவதும் அந்தத் தவறான தகவலின் மேல் நிற்கிறது, போதாதற்கு அது வாசகர் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய தவறு. இதைக் கட்டாயம் எழுத வேண்டும். அதே கதையில் விண்கலம் வெற்றிடத்தில் இரைச்சலோடு பறந்தால் நான் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். பிழையின் அளவைப் பார்க்காதீர்கள், அதன்மேல் கதை எவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்கிறது என்று பாருங்கள்.

உறுதியும் ஐயமும் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடரின் மூன்றாம் பகுதியை எடுத்து, அதில் வரும் மருத்துவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், கதாசிரியர் தம் பாத்திரத்தையே மறந்துவிட்டார் என்று எங்கள் கூட்டத்தில் அடித்துப் பேசினேன், எழுதியும் கொடுத்தேன். ஏழாம் பகுதியில் அந்த மருத்துவர் ஒருவரல்லர், இருவர் என்று தெரிந்தது. மூன்றாம் பகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: இருவருக்கும் கைக்கடிகாரம் வெவ்வேறு கையில் இருந்தது. ஓவியர் எனக்குச் சொல்லிவிட்டார், நான்தான் பார்க்கவில்லை. அதன் பிறகு என் குறிப்புகளில் மூன்று வகை வினைகளைத் தனித்தனியாகக் கையாளுகிறேன். பக்கத்தில் இருப்பதைச் சொல்லும்போது “இருக்கிறது” என்று எழுதுவேன். அதிலிருந்து நான் உணர்ந்ததை “படுகிறது” என்று எழுதுவேன். இனி வரவேண்டியதைச் சார்ந்து நிற்பதை “பொறுத்துப் பார்க்க வேண்டும்” என்று எழுதுவேன். மருத்துவரின் பேச்சு மாறுகிறது என்பது இருக்கிறது. அது உறுத்துகிறது என்பது படுகிறது. அது கவனக்குறைவா திட்டமா என்பது பொறுத்துப் பார்க்க வேண்டியது. அன்று இப்படி எழுதியிருந்தால் என் விமர்சனத்தில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற வேண்டியிருந்திருக்காது.

நீங்கள் படித்த இதழ்களில் ஜட்ஜ் ட்ரெட் கதை இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் முன்னறிவு தேவை. ஜான் வாக்னர், கார்லோஸ் எஸ்குவெரா ஆகியோர் உருவாக்கிய அந்தப் பாத்திரம் இரண்டாம் இதழிலேயே வந்துவிட்டது. முதல் கதை 2099ஆம் ஆண்டில் நடப்பது. அதன் பிறகு நம் உலகில் ஓர் ஆண்டு போனால் கதையிலும் ஓர் ஆண்டு போகிறது. ஆகவே அந்த மனிதர் நம்மோடு சேர்ந்து மூப்படைந்துகொண்டிருக்கிறார். முகத்தை முழுவதுமாகக் காட்டுவதில்லை. பிடிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் தண்டிப்பவரும் அவர் ஒருவரே. புதிதாகப் படிப்பவர் ஐந்து பக்கத்தை வைத்துக்கொண்டு இவரைத் தமிழ்ப் படத்துக் காவல் அதிகாரியைப் போன்ற நாயகனாக எண்ணிப் பாராட்டிவிடுவது எளிது. அதிகாரத்தைப் புகழும் கதை என்று எண்ணிக் கண்டிப்பதும் அதே அளவு எளிது. தொடக்கத்திலிருந்தே அதில் அதிகாரத்தின் மேல் கூர்மையான அங்கதம் ஓடுகிறது. 1990இல் ட்ரெட்டுக்கென்று தனி இதழ் தொடங்கியபோது அதன் முதல் எண்ணிலேயே வாக்னரும் காலின் மெக்நீலும் தொடங்கிய ‘அமெரிக்கா’ என்ற கதையில், மக்களாட்சி கேட்டுப் போராடும் ஒரு பெண்ணின் பக்கம்தான் நம் நெஞ்சு நிற்கிறது, ட்ரெட்டின் பக்கம் அன்று. அந்த ஒரு கதையைத் தேடிப் படித்துவிட்டு உங்கள் ட்ரெட் பத்தியை மறுபடி எழுதுங்கள். மற்றத் தொடர்களுக்கு இவ்வளவு பின்னணி தேவைப்படாது.

பெயர்களை விடாமல் எழுதுங்கள். கதாசிரியர், ஓவியர், வண்ணம் தீட்டியவர், பலூனில் எழுத்து அமைத்தவர் என நால்வர் பெயரும் ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் இருக்கும். பழைய பிரிட்டிஷ் வார இதழ்களில் இந்த வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை; 1977இல் 2000 ஏ.டி.யில் ஓவியர் கெவின் ஓ’நீல் முன்கை எடுத்து அதைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய காலத்தின் இழப்பு நமக்கும் உரியது. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். அவர் வரைந்த நிழல்களை நான் எட்டு வயதில் சிலேட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் பெயரைத் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. 2000 ஏ.டி.யை 2000ஆம் ஆண்டில் வாங்கிய ரெபெல்லியன் நிறுவனமே 2018இல் மாயாவி, ஸ்பைடர், நாம் சட்டித் தலையன் என்று அழைத்த எந்திர மனிதன் ஆர்ச்சி ஆகியோரின் பழைய கருவூலத்தையும் வாங்கி, இப்போது ஓவியர் பெயரோடு மறுபதிப்புச் செய்து வருகிறது. நீங்கள் இன்று விமர்சிக்கும் இதழும் உங்கள் அப்பா ஒருவேளை படித்திருக்கக்கூடிய மாயாவியும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி வாசகர்களிடம் பேசத் தொடங்க இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

அளவைப் பொறுத்தவரை, ஐந்து கதைக்கும் சமமாக இடம் பிரிக்க வேண்டாம். கதைச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. உங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்த கதையை முதலில் வையுங்கள், இதழில் அது கடைசியாக வந்திருந்தாலும். பேச ஒன்றும் இல்லாத கதைக்கு ஒரு வரி போதும். பாதியில் ஓடும் தொடர்களுக்கு, நீங்கள் எந்த எண்ணிலிருந்து படித்தீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். எல்லாக் கதைகளும் ஒருசேரப் புதிதாகத் தொடங்கும் இதழ்களும் ஆண்டில் சில முறை வருகின்றன. அடுத்த விமர்சனத்தை அப்படி ஓர் எண்ணிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

அப்படியானால் கதை முடியும் வரை காத்திருந்து எழுதலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுதுங்கள். தொடர் முடிந்த பிறகு முழுவதையும் ஒருமுறை படித்து இரண்டாவது குறிப்பு ஒன்றை எழுதி, முதல் குறிப்பில் ஒரு சொல்லையும் திருத்தாமல் அதன் கீழேயே சேர்த்து வையுங்கள். எங்கள் கூட்டத்துக் கோப்பில் அந்த இரண்டு மருத்துவர்களைப் பற்றிய என் இரண்டு குறிப்புகளும் அப்படித்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் எடுத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்தைத்தான்.